காட்டைக் காணப் போகும் ஏழு நாள்



நான் குனோங் ராபாட்டில் குடியிருப்பவள். அங்கிருந்து நாள்தோறும் செம்பனைத் தோட்டத்துப் பள்ளி ஒன்றுக்குப் போய்ப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒரு நாள் ஐந்தாம் வகுப்பில் விலங்குகளைப் பற்றிய பாடம். சிங்கமும் வரிக்குதிரையும் ஒட்டகச் சிவிங்கியும் உள்ள படத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "டீச்சர், ஆப்பிரிக்காவுக்குப் போக எவ்வளவு காசு வேணும்?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. ஆகவே நானும் சிரிக்காமல் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கரும்பலகையில் கணக்குப் போடத் தொடங்கினேன். அந்தக் கணக்கைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

காட்டு விலங்குகளைப் பார்க்கப் போகும் பயணத்துக்கு 'சஃபாரி' என்று பெயர். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்றுதான் பொருள். அரபு மொழியிலிருந்து அங்கே போன சொல். வழிப்போக்கரை மலாய்க்காரர்கள் 'முசாஃபிர்' என்கிறார்களே, அதுவும் அதே வேரில் பிறந்தது. ஆக, சொல் நமக்கு அந்நியமில்லை. விலைதான் அந்நியம்.

கென்யா நாட்டில் மாசாய் மாரா என்னும் புகழ்பெற்ற விலங்குக் காப்பகம் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் தான்சானியாவின் செரங்கெட்டி. இந்த இரண்டு புல்வெளிகளுக்கும் இடையே ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டு மாடுகள் புல்லையும் மழையையும் தேடி நடக்கின்றன. ஜூலை முதல் சில மாதங்கள் அவை மாரா ஆற்றைக் கடக்கும். அதைக் காண உலகமே கூடுகிறது. கூட்டம் கூடும் இடத்தில் விலையும் கூடும் அல்லவா? மாசாய் மாராவில் 2024ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம், ஆண்டின் முதல் பாதியில் 100 அமெரிக்க டாலர், இரண்டாம் பாதியில் 200 டாலர்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு டாலருக்கு நான்கு வெள்ளி வைத்துக்கொள்வோம். கணவன் மனைவி இருவர், ஜூலைக்குப் பிறகு மூன்று நாள் உள்ளே போகிறார்கள். 1,200 டாலர். அதாவது 4,800 வெள்ளி. நம் நாட்டில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஏறக்குறைய மூன்று மாதச் சம்பளம் வாயிற்படியைத் தாண்டுவதற்கு மட்டுமே போய்விடுகிறது! பிள்ளைகளை இன்னும் சேர்க்கவில்லை. விமானச் சீட்டு, அங்கே ஓட்டுநரோடு வண்டி, கூடாரம், சாப்பாடு எல்லாம் தனி. கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. தடுப்பூசிச் சான்று இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே நிறுத்திவைப்பார்கள். அந்த ஊசி ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதற்கும் செல்லும். மலேரியா மாத்திரையும் வேண்டும்.

கரும்பலகை நிறைந்துவிட்டது. அந்தப் பையன் எண்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகம் வாடியது எனக்குப் பொறுக்கவில்லை. பலகையை அழிக்காமலே, "இதே வழியில் இன்னொரு கணக்குப் போடலாமா?" என்று கேட்டேன். அது நான் இரண்டு முறை போட்ட கணக்கு. ஒரு முறை தப்பாகவும் ஒரு முறை சரியாகவும் போட்டிருக்கிறேன்.

நம் நாட்டில் பகாங், திரெங்கானு, கிளந்தான் மூன்று மாநிலங்களும் சேரும் இடத்தில் தாமான் நெகாரா இருக்கிறது. பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். வெள்ளையர் ஆட்சியில், 1938, 1939ஆம் ஆண்டுகளில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் அமைந்த காடு இது. சுதந்திரத்துக்குப் பிறகு பெயர் மாறியது. உலகத்தின் மிகப் பழைய மழைக்காடுகளில் ஒன்று என்கிறார்கள். யானை, காட்டெருது, கடமான், கேளையாடு, கரடி, தாப்பிர், புலி எல்லாம் அங்கே உண்டு. நுழைவாயில் ஜெராண்டுட் நகரத்துக்கு அப்பால் உள்ள கோலா தஹான்.

முதல் முறை நாங்கள் போனது 2017 டிசம்பர். பள்ளி விடுமுறை, பிள்ளைகள் சும்மா இருக்கிறார்களே என்று நான்தான் பெற்றோரைக் கூட்டினேன். வண்டி ஏற்பாடு செய்ய ஒருவர் முன்வந்தார். 1,500 வெள்ளி முன்பணம் கேட்டார். கொடுத்தோம். ரசீது வாங்கவில்லை. தெரிந்தவர்தானே என்ற நினைப்பு.

டிசம்பர் என்றால் கிழக்குக் கரைப் பக்கம் அடைமழைக் காலம். புத்தகத்தில் பருவக்காற்றுப் பாடம் நடத்துகிறவள் நான். எனக்கே அது நினைவுக்கு வரவில்லை. 2014 டிசம்பரில் அதே கோலா தஹானில் வெள்ளம் வந்து சுற்றுப்பயணிகள் சிக்கிக்கொண்டதும், அவர்களை மீட்டு வந்ததும் செய்தியில் வந்ததே, அதுவாவது நினைவில் இருந்திருக்க வேண்டும். நாங்கள் போன மறுநாளே ஆறு செம்மண் நிறத்தில் பொங்கியது. படகு போகாது என்றார்கள். இரண்டு நாள் விடுதித் தாழ்வாரத்தில் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். முன்பணத்தில் ஒரு காசும் திரும்பி வரவில்லை.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. வந்த தாய்மார்களில் ஒருவர் தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்பவர். ஐந்து நாள் சம்பளமில்லா விடுப்புப் போட்டு வந்திருந்தார். அன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,000 வெள்ளி. 26 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 38 வெள்ளி சொச்சம். ஐந்து நாளுக்கு 190 வெள்ளிக்கு மேல் போயிற்று. திரும்பும் வழியில் அவர் என்னிடம், "காசு போனா போவுது டீச்சர். பிள்ளை ஒரு மானைக்கூடப் பார்க்கலையே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். அவர் அந்தத் தோட்டத்தில் ஆறு ஆண்டு வேலை செய்தவர். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டில் 8 நாளும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் உள்ளவருக்கு 12 நாளும், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்டவருக்கு 16 நாளும் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அவருக்கு 16 நாள் இருந்திருக்கிறது. அவர் கேட்கவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை. நேயர்களே, எந்தப் பயணக் கணக்கிலும் முதல் வரியில் எழுத வேண்டியது வண்டிச் சத்தம் அல்ல. போகும் நாள்களுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதுதான். கிராணியிடம் முன்கூட்டியே கேட்டு, எழுதிக் கொடுத்து, ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை போவதற்குப் பதினைந்து மாதம் எடுத்துக்கொண்டோம். ஐந்து குடும்பம், பத்தொன்பது பேர். நான்கு பேர் உள்ள குடும்பம் மாதம் 80 வெள்ளி சேர்ப்பது என்று முடிவு. சிலர் கூட்டுக் கட்டலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டுப் பணம் நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பணம் எடுத்தவர் கட்டாமல் போனால் யாரிடம் போய் முறையிடுவது? ஒவ்வொரு குடும்பமும் தன் பெயரிலேயே சேமிப்பு வங்கியில் போட்டது. 2024 மே மாதம் முதல் சேமநிதியில் மூன்றாம் கணக்கு என்று ஒன்று வந்திருக்கிறது, வேண்டும்போது எடுக்கலாம். எடுத்துச் சுற்றுலா போகலாமே என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. முதுமைக்கு வைத்த காசைத் தொடாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். காடு இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்கும்.

2019 மார்ச்சில், பங்குனி உத்திரம் முடிந்து இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை விடியலில் புறப்பட்டோம். தேதியை அப்படிப் பார்த்துத்தான் வைத்தோம். மழைக்காலம் போயிருக்கும், பள்ளி விடுமுறை, பௌர்ணமி கழிந்த நாள்களாதலால் பின்னிரவில் நிலா வெளிச்சம் இருக்கும். இந்த முறை வண்டிக்காரரிடம் பாதிப் பணத்துக்கு ரசீது, மீதி திரும்பி வந்த பிறகு என்று எழுதி வாங்கினேன்.

எங்களுக்கு வழி இரண்டு. கோலாலம்பூர் போய் நெடுஞ்சாலையில் தெமர்லோ வழியாக ஜெராண்டுட் போகலாம். அல்லது பக்கத்திலிருக்கும் சிம்பாங் பூலாயில் மலையேறி, கேமரன் மலையைக் கடந்து, ரிங்லெட், சுங்கை கோயான், லிப்பிஸ் வழியாகவும் போகலாம். மலைவழி அழகு. ஆனால் வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுத்தே தீருவார்கள். போகும்போது மலைவழி, வரும்போது நெடுஞ்சாலை என்று வைத்துக்கொண்டோம். வாந்தி எடுத்தது பிள்ளைகள் இல்லை, நான்தான்.

முதல் இரவு ஜெராண்டுட்டில். மறுநாள் கோலா தெம்பெலிங் படகுத் துறையிலிருந்து நீண்ட மரப்படகில் ஆற்றின் மேல் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சாலை வழியாகவே கோலா தஹான் போய்விடலாம், செலவும் குறைவு. என்றாலும் எருமைகள் கழுத்தளவு நீரில் கிடப்பதையும், மீன்கொத்தி பறப்பதையும் பிள்ளைகள் பார்த்தது அந்தப் படகில்தான். அந்த ஒரு செலவை நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

இனி செலவைக் கேளுங்கள். காட்டுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு அன்று தலைக்கு ஒரு வெள்ளி. படக்கருவிக்கு 5 வெள்ளி. ஆமாம், ஒரு வெள்ளிதான்! மாசாய் மாராவின் வாயிலில் 800 வெள்ளி, இங்கே ஒரு வெள்ளி. பெரிய செலவு வண்டிக்கு 1,900 வெள்ளி. ஆற்றின் இக்கரையில் கிராமத்துப் பக்கம் எளிய விடுதியில் பொது அறைக் கட்டில்கள். அரிசி, பருப்பு, நெத்திலிக் கருவாடு, சார்டின் டின், ஊறுகாய் எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுபோய் நாங்களே சமைத்தோம். முதல் நாளைக்குப் புளிச்சோறு. எல்லாம் சேர்த்து 5,700 வெள்ளிக்குச் சற்று மேல். தலைக்கு ஏறக்குறைய 300 வெள்ளி. நான்கு பேர் குடும்பத்துக்கு 1,200. அன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 1,100 வெள்ளி. அதாவது ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலேயே. சின்னத் தொகை என்று நான் சொல்லவில்லை. இன்று போவதானால் எல்லாவற்றையும் புதிதாக விசாரித்து, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். காய்ச்சலுக்கும் பஞ்சரான டயருக்கும் அது வேண்டும்.

சாமான் மூட்டையில் நாங்கள் மறக்காமல் வைத்தவை: தேவைக்கு மேல் இரண்டு சோடி காலுறை, அட்டைக்குப் புகையிலையும் சவர்க்காரமும், கைவிளக்கைச் சுற்றக் கொஞ்சம் சிவப்புக் கண்ணாடித்தாள். தோட்டத்தில் அட்டையைப் பார்த்து வளர்ந்த பெரியவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. வீட்டுவசதிப் பகுதியில் வளர்ந்த பிள்ளைகள்தாம் முதல் அட்டைக்குப் போட்ட கூச்சலில் மூன்று மைல் தூரத்துக்கு விலங்கெல்லாம் ஓடியிருக்கும்.

இங்கே ஒன்றை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். ஆப்பிரிக்காவில் புல்வெளி. வண்டியில் உட்கார்ந்தே நூறு விலங்குகளைப் பார்க்கலாம். நம் காடு அப்படியல்ல. பத்தடிக்கு அப்பால் யானை நின்றாலும் இலைக்குப் பின்னால் தெரியாது. பகலில் நாங்கள் பார்த்தவை குரங்கு, உடும்பு, காட்டுப்பன்றி, தலைக்கு மேலே சிறகோசை கேட்கப் பறந்த இருவாய்ச்சிப் பறவை. மற்றபடி சேற்றில் கால்தடங்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் பாத்தேக் மக்களில் ஒருவர். அந்தக் காட்டிலேயே வாழும் பூர்வகுடியினர் அவர்கள். தடத்தைப் பார்த்தே எந்த விலங்கு, எப்போது போனது என்று சொன்னார். அவர்கள் குடியிருப்புக்குள் போனால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நம் லயத்து வாசலில் அந்நியர் வந்து படம் எடுத்தால் நமக்கு எப்படியிருக்கும்?

விலங்கைப் பார்க்க வேண்டுமானால் 'பும்புன்' என்னும் மறைகுடிலில் இரவு தங்க வேண்டும். காட்டுக்குள் சில இடங்களில் உப்பு ஊறும் சேறு உண்டு. மலாயில் 'ஜெனுட்' என்பார்கள். இலை தழை தின்னும் விலங்குகளுக்கு உப்புச் சத்துப் போதாது. அதை நக்க அவை அங்கே வந்தாக வேண்டும். அந்தச் சேற்றைப் பார்த்தபடி தூண்கள் மேல் கட்டிய மரக்குடில்தான் பும்புன். படுக்க அன்று தலைக்கு 5 வெள்ளி. எங்கள் வழி பும்புன் கும்பாங். படகில் கோலா திரெங்கான் வரை போய், அங்கிருந்து ஒரு மணி நேரம் போல நடை. எல்லாருக்கும் இடமில்லாததால் பாதிப் பேர் ஓர் இரவு, பாதிப் பேர் மறு இரவு. பேச்சு கூடாது, நறுமண எண்ணெய் கூடாது. சாப்பாட்டு மூட்டையைக் கயிற்றில் தொங்கவிட வேண்டும், இல்லையேல் எலிகள் மிச்சம் வைக்காது.

எங்கள் இரவில் பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். மாற்றி மாற்றிக் காவல் இருந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகச் சாய்ந்துவிட்டோம். எங்களோடு எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா வந்திருந்தார். நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குப் போன உடம்பு. வேலையை விட்டு எத்தனையோ ஆண்டாகியும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டிவிடும் என்று மருமகள் குறைப்பட்டுக்கொள்வார். அன்றும் மூன்று மணிக்கு விழித்திருக்கிறார். என் தோளை மெல்லத் தொட்டார். "டீச்சரம்மா, கண்ணு மின்னுது" என்றார்.

சிவப்புத்தாள் சுற்றிய விளக்கை மெல்ல உயர்த்தினோம். நிலா வெளிச்சத்தில் சேற்றின் ஓரம் ஒரு தாப்பிர். முன்பக்கமும் கால்களும் கறுப்பு, நடுவுடம்பு வெள்ளை, யாரோ வேட்டியைச் சுற்றிவிட்டது போல. பின்னால் அதன் குட்டி. உடம்பெல்லாம் கோடும் புள்ளியும். ஒரு கால் மணி நேரம் நக்கிக்கொண்டு நின்றன. பிள்ளைகளை ஒவ்வொருவராக வாயைப் பொத்தி எழுப்பிக் காட்டினோம். உரம் போடும் அந்த அம்மாவின் மகனும் பார்த்தான். இந்த முறை அவர் சம்பளத்தோடு விடுப்பு எடுத்து வந்திருந்தார்.

திரும்பும் வழியில் லஞ்சாங் அருகே கோலா கண்டா யானைப் பாதுகாப்பு மையத்தில் அரை நாள் இறங்கினோம். 1989இல் தொடங்கியது. இந்த மையம் ஏன் வந்தது என்பதை நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பருக்கும் செம்பனைக்கும் காட்டை அழித்தபோது வழிதவறிய யானைகள் தோட்டங்களுக்குள் புகுந்தன, இளங்கன்றுகளைப் பிடுங்கின. 1974ஆம் ஆண்டு முதல் வனவிலங்கு இலாகா அப்படிப்பட்ட யானைகளைப் பிடித்துப் பெரிய காடுகளில் கொண்டுபோய் விட்டுவருகிறது. தாமான் நெகாராவிலும் விட்டிருக்கிறார்கள். தாத்தா அதைக் கேட்டுவிட்டு, "எங்க தோட்டத்து வாழையைத் தின்னவனும் அங்கேதான் இருக்கானா?" என்றார். இரவில் தகரத்தைத் தட்டி யானை விரட்டிய தலைமுறை அது.

ஒரு வாரம் கிடைக்காதவர்கள் பேராக்கிலேயே, கிரிக்குக்கு அப்பால், தெமெங்கோர் ஏரிக்கு வடக்கேயுள்ள ரோயல் பெலும் காட்டுக்குப் போகலாம். 2007இல் மாநிலப் பூங்காவாக அறிவித்தது, 1,17,500 எக்டர். அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். படகில்லாமல் நகர முடியாது, படகு வாடகையும் ஆள் கணக்கில் இல்லாமல் படகுக் கணக்கில் பேசப்படும். ஆகவே நான்கு பேராகப் போகாமல் பத்துப் பேராகச் சேர்ந்து போனால் கட்டுப்படியாகும்.

வகுப்பறைக்கு வருகிறேன். அந்தப் பையன் கேட்டான்: "டீச்சர், அங்க புலி பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. 1950களில் இந்தத் தீபகற்பத்தில் சுமார் 3,000 புலிகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பில் 150க்கும் குறைவு என்று தெரிந்தது. காண்டாமிருகமும் ஒரு காலத்தில் அதே காட்டில் வாழ்ந்ததுதான். நாங்கள் போய்வந்த அதே 2019 நவம்பரில், நம் நாட்டின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகம் சபாவில் நோயுற்று இறந்தது. அதைப் பார்க்க இனி எத்தனை வெள்ளி சேர்த்தாலும் வழியில்லை.

இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாக இருந்தது. பையன் மட்டும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அந்த 1,200 வெள்ளியைத் தன் வீட்டு ஐந்து பேருக்கு மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். 1,500 வந்தது. பழைய விலை என்று நினைவூட்டினேன். அதன்மேல் பத்தில் ஒரு பங்கு கூட்டி 1,650 என்று எழுதினான். மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை வீட்டில் அம்மாவிடம் கேட்டு வந்து சொல்வதாகச் சொன்னான். அவன் அம்மாவுக்கு எத்தனை நாள் விடுப்பு இருக்கிறது என்பதையும் கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.